பேரனின் அழுகை

ஒரகடத்தில் தொழிற்சாலை வேலையிலிருக்கும் நண்பரின் தாயார் காலமானார். மகனோடு இருப்பதற்காக நெல்லைச் சீமையை விட்டு வந்தவர். ஒருநாளும் செபமாலை தவறாதவர். பேரன் "ஆச்சி!" என்று வீறிட்டான். "அழாதே தம்பி, ஆச்சி மோட்சத்துக்கல்லவா போயிருக்கிறாள்!" என்று அவன் வாயைப் பொத்தினேன். மோட்சத்தை நம்புகிறவன் அழலாகாது என்று எனக்கு அப்போது எண்ணம்.

387ஆம் ஆண்டு, ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவிலும் இப்படித்தான் நடந்தது. மகன் அகுஸ்தீனைத் தேடி வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த மோனிக்கம்மாள் அங்கே கண்மூடினார். சொந்த ஊரில் கணவர் பக்கத்திலேயே அடக்கமாக வேண்டுமென்று வெகுகாலம் ஆசைப்பட்டவர், கடைசியில், உடலை எங்கே வைத்தாலும் சரி, பலிபீடத்தருகே தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார். பேரன் அதேயோதாத்து கதறினான், சுற்றியிருந்தவர்கள் அடக்கினார்கள். அகுஸ்தீனோ கண்ணீரை விழுங்கிக்கொண்டு அடக்கத்துக்குப் போய்த் திரும்பினார். பிறகு தூங்கி எழுந்ததும், தனிமையில் அழுது தீர்த்தார். தமக்காக எத்தனையோ வருஷம் அழுத தாய்க்குத் தாம் சிறிது நேரம் அழுததை அவர் தம் நூலில் மறைக்கவில்லை.

ஞானி சுற்றிவளைத்துப் போய்ச் சேர்ந்த இடத்தில், பேரன் முதலிலேயே நின்றிருந்தான். நம்பிக்கை, ஆச்சி போன இடத்தைப் பற்றியது. அழுகை, வீட்டில் காலியான இடத்தைப் பற்றியது. இரண்டுக்கும் சண்டை ஏது?

வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நண்பர் வீட்டாரோடு நானும் போவேன். பையன் அழுதால், இந்தத் தடவை என் கை சும்மா இருக்கும்.