பெரிய நாளுக்கு முந்தைய நாட்கள்

விசுவாசத்தின் தைரியம் என்றதும் நம் மனம் சிங்கக் கெபிக்கும் அக்கினிச் சூளைக்கும் ஓடிவிடுகிறது. ஞாயிறு பள்ளிக் கதைகள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. தானியேல் புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், சிங்கங்கள் வருவதற்கு முன்பே காரியம் தீர்ந்துவிடுவது தெரியும். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டக் கூடாது என்ற கட்டளையில் கையெழுத்து விழுந்துவிட்டது என்று அறிந்தும் தானியேல் வீட்டுக்குப் போகிறார். மேலறையின் பலகணிகள் திறந்திருக்க, முன்பு செய்துவந்தபடியே மூன்று வேளையும் ஜெபிக்கிறார். நேற்று வரை வழக்கமாக இருந்தது இன்று ராஜகுற்றம். அவர் செய்ததில் மாற்றமில்லை. பேதுருவோ இயேசுவுக்காக உயிரையே கொடுப்பதாக இராப்போஜன வேளையில் மனதார வாக்குக் கொடுத்தார். விடிவதற்குள் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன் தடுமாறிப்போனார். அவர் பொய்யாக வாக்களித்தார் என்று நான் நினைக்கவில்லை. நெருக்கடி வரும் நாளில் நாம் புதிதாகத் தைரியத்தைத் தேடிப் பெறுவதில்லை. அதற்கு முந்தைய நாட்களில் எதற்குப் பழகியிருக்கிறோமோ அதையே செய்கிறோம். என் வாதம் இதுதான்.

இதற்கு நான் அறிந்த வலுவான சான்று பிரான்சின் தென்மத்தியில், மலைப்பாங்கான ஒரு பீடபூமியில் இருக்கும் லெ ஷாம்போன் என்ற ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் யூத அகதிகளை வீடுகளிலும் பண்ணைகளிலும் விடுதிகளிலும் ஒளித்துவைத்துக் காப்பாற்றின. அவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களின் கணக்கு 1,000 முதல் 5,000 வரை வேறுபடுகிறது. ஜெர்மனியோடு பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள், 1940 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. ஊரின் புராட்டஸ்டண்ட் போதகர்கள் ஆந்த்ரே த்ரோக்மேயும் எதுவார் தெய்ஸும் பிரசங்க பீடத்திலிருந்து, நற்செய்திக்கு விரோதமாக நம்மை நிர்ப்பந்திப்பவர்களை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்போம் என்றார்கள். அதற்குப் பின் நடந்தவை வெளிப்பார்வைக்குச் சில்லறை விஷயங்கள். ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின் தலைவர் மார்ஷல் பெத்தேனுக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போதகர்கள் போடவில்லை. பள்ளியில் கொடிக்குக் கை நீட்டி வணக்கம் செலுத்தச் சொன்னார்கள், இருவரும் செலுத்தவில்லை. 1941 ஆகஸ்டில் அரசு விழாவுக்காகத் தேவாலய மணியை அடிக்க உத்தரவு வந்தது. த்ரோக்மே மறுத்தார். மணியை அடித்தே ஆகவேண்டும் என்று வந்து நின்றவர்களிடம், கோயில்பிள்ளை வேலை பார்த்த அமெலி என்ற எளிய பெண், இது மார்ஷலுக்கான மணி அல்ல என்று சொல்லிக் கதவை விட்டு நகரவில்லை.

மணி அடிக்காததால் ஒரு யூதக் குழந்தையும் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த மறுப்பு வீணல்ல. 1942 ஆகஸ்டில் காவலர்கள் பேருந்துகளோடு வந்து இறங்கி யூதர்களின் பட்டியலைக் கேட்டபோது, இல்லை என்று சொல்ல அந்த ஊரின் நாக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. அவர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, பனி கொட்டிய ஒரு நாளில், முதல் யூத அகதி போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார். த்ரோக்மேயின் மனைவி மக்தா அவரை உள்ளே அழைத்தார். நனைந்த செருப்பைக் காயவைக்கப் போய் அது கருகிவிட்டது. பங்கீட்டுக் காலத்தில் ஒரு ஜோடி காலணி எளிதில் கிடைக்காது. மக்தா ஊருக்குள் போய்க் கேட்டு வாங்கிவந்தார். வீரமா இது? சமையலறை வேலை. 1943 பிப்ரவரியில் கணவரைக் கைது செய்ய வந்த காவலர்களுக்கும் அதே வீட்டு மேசையில்தான் இரவுச் சாப்பாடு போட்டார். எப்படி மனம் வந்தது என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு, சாப்பாட்டு நேரம், சாப்பாடு போட்டேன் என்கிற அளவுக்குத்தான் அவரால் விளக்கம் சொல்ல முடிந்தது.

இந்தத் தைரியம் அந்த ஊரின் தனி வரலாற்றால் வந்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அவர்கள் ஹூகனோக்கள் எனப்பட்ட பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளின் சந்ததி. அவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் அரசாணை 1685இல் ரத்தானபின் வேட்டையாடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 1730 முதல் 38 ஆண்டுகள் கோபுரச் சிறையில் இருந்தும் விசுவாசத்தை மறுதலிக்காத மரி துராண்டின் கதை அவர்கள் வீட்டுக் கதை. ஆனால் பட்ட அடியின் நினைவு, இனி யார் வம்புக்கும் போகக் கூடாது என்ற பாடத்தையும் கற்றுத்தரும். நினைவைக் கீழ்ப்படிதலாக மாற்ற யாராவது உழைத்தாக வேண்டும். த்ரோக்மே 13 பொறுப்பாளர்களைக் கூட்டி வேதபாடம் நடத்தினார். அவர்கள் தத்தம் பகுதிக் குழுக்களில் அதே பகுதியை எடுத்துப் பேசினார்கள். பிறகு அகதிகளுக்கு இடம் தேடியபோது அந்தக் குழுக்களே வழியாயின.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் உண்டு. ஐரோப்பாவெங்கும் அதே வேதத்தை வாசித்த லட்சக்கணக்கானோர் வாய்மூடி இருந்தார்கள், பலர் துணைபோகவும் செய்தார்கள்; கடவுளை நம்பாத எத்தனையோ பேர் யூதர்களைக் காத்தார்கள். பிறகு விசுவாசத்துக்கு இதில் என்ன பங்கு? இந்தக் கேள்வியை ஒரு கிறிஸ்தவர் வெட்கத்தோடுதான் எதிர்கொள்ள வேண்டும். தைரியம் கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று நான் சொல்லமாட்டேன். அறிக்கையிட்டுவிட்டு வாரம் முழுக்க ஒதுக்கிவைக்கும் விசுவாசம் யாரையும் காப்பாற்றாது என்பதற்கே அந்த மௌனம் சாட்சி. லெ ஷாம்போனில் ஞாயிறு கேட்ட வசனம் திங்கட்கிழமை ஒரு கதவிலும் ஒரு தட்டுச் சோற்றிலும் செலவானது.

விலை? அதுவும் இருந்தது. த்ரோக்மேயின் உறவினரான தானியேல் த்ரோக்மே மாணவர் விடுதி ஒன்றை நடத்தினார். 1943 ஜூன் 29 அன்று ஜெர்மன் காவலர்கள் அதைச் சூழ்ந்தபோது அவர் வேறிடத்தில் இருந்தார், தப்பிப்போக வழியிருந்தது. போகாமல் மாணவர்களிடம் சென்றார். கைதாகி, 1944 ஏப்ரலில் மைதானெக் வதைமுகாமில் இறந்தார். அவர் சென்றதால் அந்த மாணவர்கள் விடுவிக்கப்படவில்லை. தைரியம் எப்போதும் வெல்லும் என்று போதிப்பவர்கள் இந்த மரணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பலனை வைத்து மட்டும் கீழ்ப்படிதலை அளந்தால் சிலுவைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

நம் காலம் அப்படிப்பட்டதல்லவே என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். 1940இல் கையெழுத்துப் போட மறுத்தவர்களுக்கும் 1942 எப்படியிருக்கும் என்று தெரியாது. சிறு மறுப்புகளுக்கான தருணம் நமக்கும் இருக்கிறது. நம் தமிழ்ச் சபைகளில், கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துச் சுவர் எழுப்பியவர்கள் உண்டு. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் புசித்துவிட்டு, கல்யாணப் பேச்சில் சாதியைக் கேட்பவர்கள் ஏராளம். சபைக் கூட்டத்தில் எழுந்து இது பாவம் என்று சொல்பவரை எந்த முகாமுக்கும் அனுப்பப்போவதில்லை. அடுத்த சபைத் தேர்தலில் சில வாக்குகள் குறையும்; வீட்டு விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் சிலர் வராமல் போவார்கள்.