சுரங்கமும் அடுப்படியும்

பெண்ணியம் இக்காலத்திற்குத் தேவைதானா என்று வினவுவோர் கோலார் தங்கவயலைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்ற அச்சுரங்கத்தில் பெண்கள் இறங்கிப் பணிபுரிவதை 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தடுத்தது. பாதுகாப்பே அதன் நோக்கம். அதில் கருணை இல்லையென்று கூற இயலாது. ஆனால் கல்தூசியால் நுரையீரல் கெட்டு வீடு திரும்பிய கணவனைப் பேணியவள் யார்? அவ்வுழைப்பு எந்தக் கூலிப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. (பெண்கள் நிலத்தடியில் பணிபுரிய 2019-இல் நிபந்தனைகளுடன் அனுமதி வந்தபோது, தங்கவயலில் இறங்குவதற்குச் சுரங்கமே இல்லை.) இன்று விடியுமுன் சமையலை முடித்து, மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்பும் பெண்கள் பலர். அவளது ஊதியத்தை மனமுவந்து ஏற்கும் இல்லம், இரவு அடுப்பை மட்டும் அவளுக்கென்றே விட்டுவைத்திருப்பது எந்த அறம்?