ஆற்றுவோரும் ஆற்றப்படுவோரும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் தாழ்ந்தது. ஆழிப்பேரலை ஓய்ந்த பின்னும் சிப்பிகாட் வயல்களினின்று கடல்நீர் வடியவில்லை. அக்காலத்தே பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தினர் அந்தமான் முகாம்களுக்குச் சென்று, துயருற்றோர் சொல்லைச் செவிமடுத்தனர். விரைவில் திரும்பிவிடும் ஒருவரிடம் நெஞ்சைத் திறக்கச் செய்தல் அறமாகுமா? உளமருத்துவப் பணியிலுள்ள நாம் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது.

கிசா கோதமியின் வரலாற்றை நம் அன்பர்கள் அறிவர். இறந்த மகவைச் சுமந்து வந்தவளிடம் புத்தர் பெருமான் வாதிடவில்லை. சாவு புகாத வீட்டினின்று கடுகு கொணருமாறு பணித்தார். பலரும் கடுகைப் பற்றியே பேசுவர். நம் கருத்தோ அவள் ஏறியிறங்கிய வாயிற்படிகளில் நிற்கின்றது. தம் காலடியிலேயே இருத்திக்கொள்ளாது, அவளை அயலாரிடம் அனுப்பினார் பெருமான். வீடுதோறும் ஒருவர் தம் இழப்பைச் சொன்னார், அவள் கேட்டாள். கேட்கக் கேட்க, மகவை இறக்கிவைக்கும் வலிமை அவளுக்கே வந்தது.

'நீங்களின்றி வாழேன்' என்று பிறர் சொல்லக் கேட்டு மகிழும் மருத்துவரிடம் உள்ளது கருணையன்று, பற்று. (நம் தொழிலில் இம்மகிழ்ச்சி அரிதன்று.) அந்தமானுக்குச் சென்றோர் உள்ளூர்த் தொண்டர்களுக்கு இப்பணியைப் பயிற்றுவித்தனர். அத்தொண்டர்கள் அங்கேயே வாழ்வோர். மறுநாளும் அவர்களைத் தேடிச் செல்லலாம்.