ஆஃப் கிளட்ச்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மதியம், ஊபியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் என் கார் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அண்ணன் பெஞ்சில் மூன்று கிளட்ச் தட்டுகளை வரிசையாக வைத்து, "எது வேணும் தம்பி?" என்று கேட்டார். தினமும் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வருபவர். அவர் கேட்டது ஒரு உதிரிபாகத்தைப் பற்றித்தான். பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

வண்டி பழைய சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1.4 லிட்டர் டர்போ, ஆறு கியர், மேனுவல். நானும் அத்தை மகனும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். சிஓஇ முடிய மூன்று வருஷம்தான் மிச்சம் இருந்தது, அதனால்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது. 2023 அக்டோபரில் சின்ன கார்களுக்கான சிஓஇ மட்டுமே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊர் இது. இந்த எஞ்சினின் டார்க், அதாவது முறுக்குவிசை, தயாரிப்பில் 230 நியூட்டன் மீட்டர். முன்பு வைத்திருந்தவர் எஞ்சினின் மென்பொருளை மாற்றி அதை 300க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார். கிளட்சை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். மேட்டில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் கத்தும், ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

"பேசாம ஆட்டோ வண்டி எடுத்திருக்கலாமே?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. இன்றைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்னைவிட வேகமாகவும் பிசகில்லாமலும் கியர் மாற்றும். என் நண்பர்களில் பலர் ஆட்டோ மட்டும் ஓட்ட முடிகிற கிளாஸ் 3ஏ உரிமத்தோடு நின்றுவிட்டார்கள். 2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி ரகங்களாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிளட்ச் பெடலை யார் தேடப் போகிறார்கள்?

என் பதில் ரெடியாக இருந்தது. மேனுவலில்தான் 'நாம ஓட்டுறோம்' என்கிற உணர்வு வரும். மேத்யூ கிராஃபோர்ட் என்ற அமெரிக்கர், அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கப் போனவர். 2009இல் வந்த அவருடைய 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' புத்தகத்தைப் பல்கலைக்கழகக் கடைசி வருஷத்தில் படித்தேன். பொருட்கள் நம் விருப்பத்துக்கு வளையாது, கையால் வேலை செய்பவனுக்கு அந்தப் பாடம் தினமும் கிடைக்கிறது என்பது நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு மேனுவல் ஓட்டுவதை ஒரு ஒழுக்கம் மாதிரியே பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சில் நானும் வண்டியும் மட்டும்தான் இருந்தோம். மூன்றாவது ஆள் இல்லை.

கிளட்ச் என்ன செய்கிறது? எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் தட்டு வழுக்குகிறது, சூடாகிறது, கொஞ்சம் தேய்கிறது. அளவோடு வழுக்குவது அதன் வேலை. அதைத்தான் டிரைவர்கள் 'ஆஃப் கிளட்ச்' என்கிறார்கள்.

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: உராய்வு, தட்டை அழுத்தும் விசை, தட்டின் ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. எதைக் கூட்டினாலும் எங்காவது விலை உண்டு. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும், ஜாமில் இடது கால் கெஞ்சும். இரட்டைத் தட்டு போட்டால் பரப்பு இரண்டு மடங்கு, பில்லும் எகிறும். பெஞ்சில் இருந்த மூன்றில் முதலாவது ஆர்கானிக். மெதுவாகப் பிடிக்கும், அதிகச் சூட்டைத் தாங்காது. இரண்டாவது கெவ்லார், நடுவாந்திரம். மூன்றாவது சிராமிக். எனக்கு அதன் மேல்தான் கண்.

"இதைப் போட்டா இந்த எஞ்சினுக்கு ஸ்லிப் ஆகவே ஆகாது," என்றார் அண்ணன். "ஆனா சிக்னல்ல குதிரை மாதிரி துள்ளும். ஒண்ணு பிடிக்கும், இல்ல பிடிக்காது. நடுவுல ஒண்ணும் கிடையாது. பக்கத்துல உக்கார்றவங்க உன்னைத் திட்டுவாங்க."

தட்டு வாங்கிக்கொள்ளாத அதிர்ச்சி காணாமல் போய்விடாது. கியர்பாக்ஸுக்குப் போகும், டிரைவ்‌ஷாஃப்டுக்குப் போகும், எஞ்சின் மவுன்ட்டுக்குப் போகும், கடைசியில் உட்கார்ந்திருப்பவர் கழுத்துக்குப் போகும். பொறியியல் படித்தவனுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் அன்று அதைக் கேட்டபோது எனக்கு அப்பாவின் லாரி ஞாபகம் வந்தது.

அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் லாரி ஓட்டினார். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். உட்லண்ட்ஸ் பக்கத்து விடுதியிலிருந்து ஊழியர்களை ஏற்றி, புக்கிட் தீமா சாலை வழியாக வந்து, ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் இறக்கிவிடுவோம். ஒவ்வொரு சிக்னலிலும் அப்பா முதல் கியரில், ரொம்ப மெதுவாகக் காலை எடுப்பார். பின்னால் கார்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். "ஏம்ப்பா இவ்ளோ ஸ்லோ?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பின்னாடி ஆள் இருக்காங்கய்யா." பலகைத் தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ளப் பக்கக் கம்பிதான். முன்னால் இருப்பவன் காலை வெடுக்கென்று எடுத்தால், பின்னால் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள்.

கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்கிறது என்று கம்பெனியில் அவரைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. அவ்வளவு ஆஃப் கிளட்ச் போட்டால் தட்டு தேயத்தான் செய்யும். அப்பா பாணியை மாற்றவில்லை. தட்டு தேயட்டும், ஆள் தேய வேண்டாம் என்று நினைத்திருப்பார் என எனக்கு நானே ஒரு வசனம் எழுதிக்கொண்டேன்.

அதை ஒரு நாள் அவரிடமே சொன்னேன். பெருமைப்படுவார் என்று பார்த்தால், சிரித்தார். "பஸ்ஸு குடுத்திருந்தா நான் ஏன்டா கிளட்ச்சைப் பத்தி யோசிக்கப் போறேன்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சரக்கு ஏற்றும் தளத்தில் ஆட்களை ஏற்றுவது இங்கே இன்றும் சட்டப்படி சரி. அப்படிப் போகும் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, 2023 ஜனவரியிலிருந்து மழைக்கூரை கட்டாயம். பின்னால் இருப்பவர்களுக்கு சீட் பெல்ட் கட்டாயமில்லை. 2021 ஏப்ரல் 20 அன்று பிஐஇ விரைவுச்சாலையில் ஊழியர்கள் இருந்த லாரி, நின்றுகொண்டிருந்த இன்னொரு லாரியில் மோதி 2 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி மோதலில் எந்த டிரைவரின் இடது காலும் யாரையும் காப்பாற்றாது. அப்பாவின் நிதானத்தைப் புகழ்ந்து நான் எழுதுகிற ஒவ்வொரு வரியும், அந்த நிதானத்தை நம்பி ஆட்களை ஏற்றியவர்களுக்கு வசதியாகவும் போய்விடலாம். ஒரு நல்ல மனுஷன் இருந்தால் போதும் என்று சொல்கிற ஏற்பாடு, அவர் லீவில் போகிற நாளன்று என்ன ஆகும்?

அதற்காக அவர் செய்தது வீண் என்றும் எனக்குத் தோன்றவில்லை. விதி மாறும்வரை தினமும் காலையில் லாரி கிளம்பத்தான் செய்யும். அந்த நேரத்தில் அவர் கையில் இருந்தது ஒரு பெடல். அதை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். அதை நீதி என்று பெயர் மாற்றிக் கொண்டாட வேண்டாம் என்றுதான் அவரே சொல்கிறார். ஆனால் அதிர்ச்சி யார் மேல் விழும் என்று பார்த்துவிட்டுக் காலை எடுப்பது, என் 'நாம ஓட்டுறோம்' தத்துவத்தில் இல்லாத ஒன்று.

இரண்டு வாரம் கழித்து அண்ணனிடம் போய், மென்பொருளைப் பழையபடி மாற்றிவிட்டு ஆர்கானிக் தட்டையே போடச் சொன்னேன். 70 நியூட்டன் மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பலமான கிளட்சே தேவையில்லை. "இதுக்கா ரெண்டு வாரம்?" என்றார். செலவு குறைவு என்பதும் ஒரு காரணம், மறைக்க விரும்பவில்லை. முதல் வாரம் விரைவுச்சாலையில் ஏறும்போதெல்லாம் வருத்தப்பட்டேன். அத்தை மகன் இன்னும் முறைக்கிறான்.

புதுத் தட்டு படிய 800 கிலோமீட்டர் வரை பொறுமையாக ஓட்ட வேண்டும் என்றார் அண்ணன். அந்தச் சாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் சிராங்கூன் ரோட்டில் சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். லாரியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது அவருக்கு. சிக்னலில் பச்சை விழுந்தது. தட்டு எந்த இடத்தில் பிடித்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. "பெடல் லேசா இருக்கு," என்றார்.

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி வெடுக்கென்று கிளம்பியது. பின்னால் இருந்தவர்களின் கைகள் ஒன்றாகப் பக்கக் கம்பிக்குப் போயின. அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இடைவெளி விட்டார். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.