சிலுவைக் கணக்கில் விடுபட்டவர்

ஒருவர் வாங்கிய கடனை இன்னொருவர் அடைத்தால் கடன் கொடுத்தவர் மறுபேச்சுப் பேச மாட்டார். பணம் வந்தால் சரி. ஒருவர் செய்த கொலைக்கு இன்னொருவர் தாமாகவே முன்வந்து தூக்குமேடை ஏறுகிறேன் என்றால் எந்த நீதிமன்றமும் அதற்கு ஒப்பாது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஃபவுஸ்தோ சொசீனி என்ற இத்தாலியர், 1594இல் அச்சான தம் நூலில், சீர்திருத்தச் சபைகளின் மையப் போதனையைக் கேள்விக்கு உட்படுத்தினார். நம் பாவத்துக்கான தண்டனையை இயேசு நமக்குப் பதிலாக அனுபவித்தார், அதனால் நமக்கு இரட்சிப்பு என்பது அந்தப் போதனை. தண்டனை என்ன, கைமாற்றக்கூடிய பொருளா? முழுத் தொகையும் வசூலாகிவிட்டதென்றால் கடவுள் மன்னித்தது எதை? இப்படிக் கேட்டவருக்குக் கிடைத்த மரியாதை, 1598இல் கிராக்கோவ் நகரில் ஒரு கும்பல் அவரை வீட்டிலிருந்து இழுத்துப்போய் அடித்ததும், அவருடைய கையெழுத்துப் படிகளைக் கொளுத்தியதும்தான்.

இத்தனைக்கும், சிலுவை மனிதரை எப்படி மீட்கிறது என்பதற்குத் திருச்சபை முழுவதும் ஏற்ற ஒரே விளக்கம் என்று எதுவும் இல்லை. கிறிஸ்து யார் என்பதை நிசேயாச் சங்கமும் (325) கல்செதோன் சங்கமும் (451) வரையறுத்தன. அவருடைய மரணம் எவ்வாறு பலன் தருகிறது என்பதைப் பண்டைய பொதுச் சங்கங்கள் எதுவும் அப்படி அறுதியிட்டு வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒவ்வொரு காலமும் தனக்குத் தெரிந்த நீதியைக் கொண்டுபோய் வைத்தது. அடிமைச் சந்தையைப் பார்த்துப் பழகியவர்கள் மீட்புப்பணம் என்றார்கள். மனிதர் சாத்தானின் பிடியில் இருந்தார்கள், கிறிஸ்து தம்மையே விலையாகக் கொடுத்தார் என்பது அவர்கள் கொள்கை. சாத்தானுக்குப் போய் விலை கொடுப்பதா என்று நசியான்சுஸ் நகரக் கிரகோரியார் நான்காம் நூற்றாண்டிலேயே முகம் சுளித்தார்.

கான்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் 1098இல் முடித்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூல் சாத்தானை வழக்கிலிருந்தே நீக்கியது. பாவம் என்பது கடவுளுக்கு உரிய மாண்பைப் பறிப்பது. பறித்ததை ஈடுசெய்ய வேண்டியவர் மனிதர், ஈடுசெய்ய வல்லவர் கடவுள். ஆகவே கடவுள் மனிதரானார். பிரபுக்களும் பண்ணையாட்களும் இருந்த சமூகத்தில் இந்த வாதம் நன்றாகவே செல்லுபடியானது. அதே நூலில் ஆன்செல்ம் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். ஒருவருடைய உடல்நலத்தைக் கெடுத்தவர் அந்த நலத்தை மீட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, பட்ட வேதனைக்கும் சேர்த்து ஈடு தர வேண்டும் என்கிறார். அருமையான நீதி. ஆனால் அந்தக் காயப்பட்ட மனிதர் எடுத்துக்காட்டில் தலைகாட்டிவிட்டு அப்படியே மறைந்துபோகிறார். கணக்கு கடவுளுக்கும் பாவிக்கும் இடையில் மட்டுமே தீர்க்கப்படுகிறது.

சீர்திருத்தத் தலைவர் கால்வின் சட்டம் படித்தவர். அவர் கையில் மாண்புக்கான ஈடு, குற்றத்துக்கான தண்டனையாக மாறியது. சொசீனிக்குப் பதில் சொல்ல 1617இல் எழுதிய ஹ்யூகோ குரோஷியஸும் சட்ட அறிஞர்தான். கடவுள் கடன் வசூலிப்பவர் அல்லர், ஆட்சியாளர். சட்டத்தின் மதிப்பு குலையாதபடி மன்னிக்க வேண்டியிருந்ததால் சிலுவை தேவைப்பட்டது என்று வாதிட்டார். மக்களுக்குப் பாடம் புகட்டக் குற்றமற்றவரை வதைக்கும் அரசை நல்லரசு என்று எப்படிச் சொல்வது? குரோஷியஸ் சொசீனியின் வாயை அடைக்கப் போய்ப் புதிய கேள்வி ஒன்றைக் கிளப்பிவிட்டார் என்பதே சரி. அவரைவிட, 1986இல் ‘கிறிஸ்துவின் சிலுவை’ எழுதிய ஜான் ஸ்டாட்டின் பதில் வலுவானது. மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்துக் கடவுள் தண்டிக்கவில்லை, மகனில் தாமே அதை ஏற்றுக்கொண்டார் என்பது அவர் நிலை.

ஸ்டாட்டின் பதிலை ஏற்றால்கூட, பதிலுக்கு நிற்பது எப்போது நல்லது என்ற கேள்வி தீரவில்லை. 1941இல் ஆஷ்விட்ஸ் முகாமில் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்குப் பதிலாக மாக்ஸிமிலியன் கோல்பே என்ற போலந்துக் குரு முன்வந்தார். அதிகாரி அந்த மாற்றத்துக்குச் சம்மதித்தார். காப்பாற்றப்பட்டவர் 1995 வரை வாழ்ந்தார். கோல்பேயின் செயலைவிட மேலான அன்பைக் காட்டுவது கடினம். அதற்காக அந்த அதிகாரி நீதிமான் ஆகிவிடவில்லை. தியாகத்தின் பெருமை கொடுத்தவரைச் சேரும். கேட்டவரின் கொடுமையை அது கழுவாது. கொடுத்தவரும் விரும்பிக் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் இந்த இடத்தில்தான் கைவைத்தார். அடிமைப் பெண்கள் வெள்ளையர் குழந்தைகளுக்குப் பாலூட்டினார்கள், பிறருடைய இடத்தில் நின்று பிறருடைய பாரத்தைச் சுமந்தார்கள். யாரும் அவர்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை. பதிலாளாகத் துன்புறுவதே புனிதம் என்று அவர்களிடம் போதித்தால், அந்தப் போதனையால் லாபம் அடைபவர் யார்? அடிக்கும் கணவனிடமிருந்து ஓடிவந்த பெண்ணிடம் சிலுவையைச் சுமக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும் போதகர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறையியலாளர் அபெலார்டு வேறு வழி பார்த்தார். சிலுவையில் வெளிப்பட்ட அன்பு பாவியின் உள்ளத்தை மாற்றுகிறது, அந்த மாற்றமே மீட்பு என்றார். கீழைத் திருச்சபைகள் சிலுவையை வழக்காகவே பார்ப்பதில்லை. அவற்றுக்கு மீட்பு என்பது சாவை வென்று, நோயுற்ற மனித இயல்பைக் குணமாக்குவது. இரண்டிலும் ரத்தக் கணக்கின் கடுமை இல்லை. ஆனாலும் அநீதி இழைக்கப்பட்ட அண்டை வீட்டார் இங்கேயும் வெளியில்தான் நிற்கிறார்.

நற்செய்தி நூல்கள் அவரை மறக்கவில்லை. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவருக்கு, தம்மீது மனத்தாங்கலோடு ஒரு சகோதரர் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்கிறது மத்தேயு. எரிகோவின் வரிவசூல் தலைவர் சக்கேயு சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறார். அதன் பிறகே அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததென இயேசு அறிவிப்பதாக லூக்கா எழுதுகிறார். திருடியதைத் திருப்பித் தர வழியிருந்தும் தராதவருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று அகுஸ்தீனும் சொன்னார்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவரத் துணிந்தவர் ஸ்பானியக் குரு பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ். பூர்வகுடிகளின் உழைப்பைச் சுரண்டும் அரசு மானியம் அவரிடமும் கியூபாவில் ஒருகாலத்தில் இருந்தது. 1514இல் அதைத் துறந்தார். பின்னர் இன்றைய மெக்சிகோவின் தெற்கில் உள்ள சியாப்பாஸுக்கு ஆயராக வந்து, 1545ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், அடிமைகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவமன்னிப்புத் தரக் கூடாதென்று குருக்களைத் தடுத்தார். ஊர் கொதித்தது. குருக்களுக்காக அவர் எழுதிய பன்னிரண்டு விதிகள் இன்னும் கடுமையானவை. சாகக் கிடக்கும் படையெடுப்பாளராக இருந்தாலும், பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நோட்டரியை அழைக்க வேண்டும். அடிமைகளை விடுவிக்கவும், கொள்ளையில் வந்த சொத்தைப் பறிகொடுத்தவர்களுக்குத் திருப்பித் தரவும் குருவுக்கு அதிகாரம் கொடுத்துப் பத்திரம் எழுத வேண்டும். மன்னிப்பெல்லாம் அதற்கப்புறம்தான். ஆயுதம் விற்ற வியாபாரிகளையும் அவர் விடவில்லை. 1548இல் அரசு அந்த விதிகளின் படிகளைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. 1552இல் அவர் செவில் நகரில் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார்.

இது மீட்பை விலைக்கு விற்பது ஆகாதா என்று சீர்திருத்தச் சபையினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈடுசெய்வது விசுவாசத்தின் கனி, மீட்பின் விலை அன்று என்பது அவர்கள் போதனை. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பத்திரம் எழுதக் கையில் ஒன்றுமில்லாத ஏழையின் கதி என்ன என்பதும் கேட்க வேண்டியதே. இயேசுவுக்கு அருகே சிலுவையில் தொங்கிய கள்வர் எதையும் திருப்பித் தரவில்லை, அவருக்குப் பரதீசு கிடைத்தது. ஆனால் அவரிடம் நிலமும் இல்லை, பொன்னும் இல்லை, நேரமும் இல்லை. கைகள் மரத்தில் அறையப்பட்டிருந்தன. கையும் பணமும் காலமும் இருந்தும், பறித்ததைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, எல்லாம் சிலுவையில் தீர்ந்துவிட்டது என்பவர் அந்தக் கள்வரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அவருடைய கணக்கு இன்னும் தீரவில்லை.