எழுதாமல் விட்ட வரி

1991 ஜூன் மாதம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் விசாரணையில் சொன்னதையும், வாக்குமூலத்தில் அதைத் தான் சேர்க்காமல் விட்டதையும், வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 1999இல் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையை உறுதிசெய்தபோது அதன் முன் அந்த வரி இல்லை. இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்பது வேறு கேள்வி. அதை எடைபோடும் வாய்ப்பே நீதிபதிகளுக்குக் கிடைக்கவில்லை. பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதத்தில்.

அந்த வாக்குமூலம் பதிவானது தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ். அதன் 15ஆம் பிரிவு வாக்குமூலத்தை ஒலிநாடாவில் பதியவும் இடம் கொடுத்திருந்தது. ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. கேள்வி கேட்பவரே பதிலையும் எழுதும்போது, எது தேவை, எது தேவையில்லை என்று முடிவெடுப்பவரும் அவரே. நல்ல மனிதருக்குக்கூட அந்த அதிகாரத்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது.

விசாரணையைக் கேமராவில் பதியலாமே என்றால், கேமரா இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், துப்புக் கொடுத்தவர்கள் அம்பலப்பட்டுவிடுவார்கள் என்கிறது காவல்துறைத் தரப்பு. இரண்டாவது அச்சம் நியாயமானது. அதற்கு வழி, பதிவை நீதிமன்றப் பொறுப்பில் வைத்து, யார் பார்க்கலாம் என்று வரையறுப்பது. பதிவே வேண்டாம் என்பதல்ல. ‘அடித்து வாங்கினார்கள்’ என்று பின்னாளில் எழும் பொய்ப் புகாரிலிருந்து நேர்மையான அதிகாரியைக் காப்பதும் அந்தப் பதிவுதான்.

கேமரா மாட்டினால் மட்டும் போதாது என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூனில் காவல்துறை கைதுசெய்த தந்தையும் மகனும் இறந்த அந்த வழக்கில், காவல் நிலையக் காட்சிகள் அன்றன்றைக்கே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதம், இயலாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வீட்டைச் சோதனையிடுவதைப் படம்பிடிப்பது கட்டாயம். விசாரணையில் ஒருவர் சொல்வதைப் பதிவது மட்டும் இன்னமும் அதிகாரியின் விருப்பம். அலமாரிக்குக் கிடைத்த காப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை. கொலை போன்ற கொடுங்குற்ற வழக்குகளில் முதல் கேள்வி தொடங்கி முழு விசாரணையையும் பதிவது கட்டாயமாக வேண்டும். பதிவு இல்லையென்றால், அந்த விசாரணையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் எதையும் நீதிமன்றம் ஏற்கக் கூடாது.