ஒரே கல்லா, இரண்டு நியாயம்

சகோதரர்களே! வியாபாரியின் தராசு நேராக இருக்க வேண்டும் என்பதை நாம் யாவரும் அறிவோம். சரக்கை நிறுக்கும்போது தட்டைப் பார்க்கிறோம். மனிதனை நிறுக்கும்போதும் பார்க்கிறோமா? நமது கடையில் நடந்த ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு மேலே போவோம்.

சில வருஷங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் நமது சொந்தக்காரர் மகன் ஒருவன் கடையில் நின்றான். வயது 15. ஒரு நாள் கணக்கில் 200 வெள்ளி குறைந்தது. எடுத்தவன் அவன்தான் என்று தெரிந்தது. அவனுடைய அத்தாவை வரவழைத்தோம். பணம் வந்தது, நாலு வார்த்தை ஏசினோம், பையன் அழுதான், விஷயம் வீட்டோடு முடிந்தது. அதே வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன், அவனுக்கும் வயது 15, அதே கல்லாவிலிருந்து 60 வெள்ளியை எடுத்துக்கொண்டு ஓடினான். நாம் உடனே போலீசுக்குச் சொன்னோம்.

அந்தப் பையன் முன்பு ஒரு தடவை செம்பனைக் குலை திருடிப் பிடிபட்டவன். தகப்பன் இல்லை. தாய் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் வருகிறவள். ஜாமீனுக்கு நிற்க அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. முடிவில் அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பும்படி உத்தரவாயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் அரிசி வாங்க வந்தாள். நம்மை ஏசவில்லை. “பாய், ரெண்டு பிள்ளைங்களும் ஒரே கல்லாவுலதானே எடுத்துச்சுங்க?” என்று மட்டும் கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. அன்று முதல் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

சட்டம் கொடியது என்று சொல்லித் தப்பலாமா? முடியாது. மதரஸாவில் ஓதிய காலத்தில், பாலிகாகாத பிள்ளைமேல் கடமை ஏறாது என்று உஸ்தாது நமக்குச் சொல்லிக் கொடுத்தார். நாட்டுச் சட்டமும் வயதைப் பார்க்கவே செய்கிறது. 10 வயது நிரம்பாத பிள்ளை செய்தது குற்றமாகாது. 10 முதல் 12 வயது வரை, செய்வது இன்னதென்று விளங்கும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். 18 வயது வரை சிறுவர் நீதிமன்றம். முன்னே 1947-ம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதன் இடத்தில் 2001-ம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வந்து, 2002 ஆகஸ்டு முதல் நடக்கிறது. மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகை போடக்கூடாது. கோர்ட்டு பெயரை மறைத்தது. மறைக்காதது நம் கடைத்தெருதான்.

தீர்ப்பிலும் பல படிகள் உண்டு. புத்தி சொல்லி விடலாம். நன்னடத்தைக்கு எழுதி வாங்கலாம். உறவினரிடமோ தகுதியுள்ள வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம். அபராதமோ நஷ்டஈடோ விதிக்கலாம். 2016-ம் ஆண்டுத் திருத்தம் சமூக சேவையையும் சேர்த்தது. சீர்திருத்தப் பள்ளியும், மலாக்கா தெலுக் மாஸில் உள்ளது போன்ற ஹென்றி கர்னி பள்ளியும் மேற்படிகள். கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் பாதையில் 1951-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஹைகமிஷனரின் பெயர்தான் அது.

எந்தப் படி என்று முடிவு செய்யுமுன், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். பெற்றோரால் இந்தப் பிள்ளையைக் கட்டுப்படுத்த முடியுமா என்று அதில் பார்ப்பார்கள். முடியாது என்றால்தான் பள்ளிக்கு அனுப்பும் பேச்சு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. நமது சொந்தக்காரர் மகனுக்கு அத்தா உண்டு, மாமா உண்டு, ஜமாஅத்து உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு யார்?

1917-ல் இந்நாட்டில் வியாபார முறையில் செம்பனை முதன்முதல் நடப்பட்டது நமது பகுதித் தென்னமரம் தோட்டத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களின் சம்பளப் பணத்தில் வளர்ந்த கடைகள் எத்தனை! தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது, அந்த ஜனங்களுக்குக் கூலி மட்டுமா போயிற்று? பிள்ளைக்காகப் பேச வரும் அக்கம்பக்கமும் போயிற்று. ஆள் இல்லாத குறையைக் குற்றத்தோடு சேர்த்து எடை போட்டால் 60 வெள்ளி 200 வெள்ளியைவிடக் கனமாகிவிடுகிறது.

“திருடனையெல்லாம் விட்டுவிட்டால் கடை நடத்துவது எப்படி?” என்று சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விட்டுவிடச் சொல்லவில்லை. நமது சொந்தக்காரர் மகனை நாம் மூடி மறைத்ததும் சரியல்ல; அதில் இரக்கத்தைவிடக் குடும்ப மானம்தான் அதிகம் இருந்தது. இருவரும் எடுத்ததற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். இருவருக்கும் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் நின்றிருக்கவும் வேண்டும். முதலாவதை ஒருவனுக்குக் குறைத்தோம். இரண்டாவதை மற்றவனுக்குக் குறைத்தோம். இரண்டும் தராசுக் குற்றமே.

ஆகவே நமது சங்கத்தாரிடம் கேட்பது பெரிய காரியமன்று. நமது கடைத்தெருவில் ஒரு சிறுவன் பிடிபட்டால், போலீசுக்குச் சொன்ன வியாபாரியோ அவருக்குப் பதில் ஒருவரோ கோர்ட்டுக்கும் போகட்டும். ஆளில்லாத தாய்க்கு ஜாமீன் நிற்கட்டும். நன்னடத்தை அதிகாரியிடம், “இந்தப் பிள்ளையை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்” என்று சொல்லட்டும். தகுதியுள்ள ஒருவருக்குச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்துக்குப் போகாதவர்கள் நாம்தான்.

அந்தப் பையன் அடுத்த வருஷம் திரும்பி வருகிறான். வந்ததும் நமது கடைக்கு அழைத்து வரும்படி தாயிடம் சொல்லியிருக்கிறோம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் வந்தால் முதலில் பேச வேண்டியவன் அவனல்ல, நாம்.